மதிலில் யாருடைய பழைய நினைவு?

  

நல்லதண்ணி, மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்து உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயத் தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

உந்துவப் போயாவோடு சீசன் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ரோட்டோர மதிலில் படம் வரைய வேண்டும் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. மாதிரிப் படம் ஒன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பனி மூடிய மலை, வெள்ளை பங்களா, வாசலில் குதிரைமேல் ஒரு துரை, குதிரையின் காலடியில் நாலு வேட்டை நாய்கள், தூரத்தில் கூடை சுமந்து சிரிக்கிற பெண்கள். மேலே "பழைய நினைவுகள்" என்று மூன்று மொழியிலும் எழுத்து. வரைந்த பிள்ளைக்கு நல்ல கை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "சேர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது: மதிலில் படம் வரைவோம், கட்டாயம் வரைவோம். ஆனால் இந்தப் படம் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்று சொல்ல நான் கொஞ்சம் தூரம் போக வேண்டும். இந்த மாதிரிப் படத்துக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய மூதாதைகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்களின் பெரிய வீடுகள் கல்லால் கட்டியவை. பனிக்காலத்தில் சுவர் சில்லென்று இருக்கும். அந்தச் சுவரை மூடுவதற்குக் கம்பளி நூலாலும் பட்டு நூலாலும் படம் நெய்து தொங்கவிட்டார்கள். டெப்பெஸ்ட்ரி என்று சொல்வார்கள். நாம் சித்திரத் திரை என்று வைத்துக்கொள்வோம். துணியை நெய்து முடித்து அதன்மேல் படம் வரைவதும் பூ தைப்பதும் வேறு வேலை. சித்திரத் திரையில் ஒவ்வொரு நிற நூலையும் அதற்குரிய இடத்தில் மட்டும் கோத்து, படமும் துணியும் ஒன்றாகவே வளரும்படி நெய்வார்கள். ஒரு பெரிய திரைக்குப் பல நெசவாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் நெய்ய வேண்டும். ராஜாக்கள் வைத்திருந்த பொருட்களிலேயே விலை கூடியவற்றில் இதுவும் ஒன்று. வேறு மாளிகைக்குப் போகும்போது சுருட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். போன இடத்தில் விரித்து மாட்டினால், வந்திருப்பவர் யார் என்று சுவரே சொல்லிவிடும்.

அந்தத் திரைகளில் அவர்கள் விரும்பி நெய்வித்த காட்சிகளில் ஒன்று வேட்டை. லண்டனில் விக்டோரியா அண்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் நான்கு பெரிய வேட்டைத் திரைகள் இருக்கின்றன. டெவன்ஷயர் வேட்டைத் திரைகள் என்று பெயர். மறுமலர்ச்சிக் காலம் என்று நாம் வரலாற்றுப் பாடத்தில் படிப்பது வடக்கு ஐரோப்பாவை எட்டுவதற்குச் சற்று முன்னால், 1425க்கும் 1450க்கும் இடையில் நெய்யப்பட்டவை. ஒன்றின் அகலம் மட்டும் ஏறத்தாழ பத்து மீற்றர். இங்கே ஒரு லயத்துக் காம்பரா மூன்றை வரிசையாக வைத்தால் வருகிற அகலம். காட்டுப்பன்றி, கரடி, மான், அன்னம், நீர்நாய் எல்லாவற்றையும் வேட்டையாடுகிறார்கள். சிலர் கையில் வல்லூறு. ஆண்களும் பெண்களும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல உடுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ரத்தம் ஓடுகிறது. அந்த உடுப்பில் ஒரு சொட்டு இல்லை.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்னொரு வரிசை இருக்கிறது. மாக்சிமிலியனின் வேட்டைகள் என்று பெயர். இது மறுமலர்ச்சிக் காலத்திலேயே, 1530ஆம் ஆண்டை ஒட்டி பிரசல்ஸ் நகரில் நெய்யப்பட்டது. படத்தை வரைந்து கொடுத்தவர் பெர்னார்ட் வான் ஓர்லி. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திரைகள். கம்பளி, பட்டு, அதோடு பொன் இழை, வெள்ளி இழை. பிரசல்ஸுக்குப் பக்கத்திலுள்ள சுவாஞ் காட்டில் ராஜ குடும்பம் வருஷம் முழுவதும் வேட்டையாடுகிறது. இலை துளிர்க்கிற மாதம், இலை உதிர்கிற மாதம், பனி விழுகிற மாதம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நெய்திருக்கிறார்கள். கலை என்று பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காட்டைப் பற்றி அந்தக் காலத்துச் சனங்கள் என்ன சொன்னார்கள் என்பதும் எழுத்தில் இருக்கிறது. அந்தத் திரைகள் நெய்யப்படுவதற்குச் சில வருஷங்கள் முன்னால், 1524லும் 1525லும், அதே பேரரசின் ஜெர்மன் பகுதிகளில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1525இல் மெம்மிங்கன் என்ற ஊரில் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டாக எழுதி அச்சிட்டார்கள். நாலாவது கோரிக்கை வேட்டை பற்றியது. காட்டு மிருகத்தையும் பறவையையும் ஓடுகிற தண்ணீரில் உள்ள மீனையும் பிடிக்க ஏழைக்கு உரிமை இல்லை. பிரபு வேட்டைக்கென்று வளர்க்கிற மிருகங்கள் வந்து எங்கள் பயிரைத் தின்கின்றன, நாங்கள் வாய் மூடிப் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். ஐந்தாவது கோரிக்கை விறகு பற்றியது. காடு பிரபுவுக்குச் சொந்தமாகிவிட்டதால் அடுப்பெரிக்க விறகும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்றார்கள்.

அந்தக் கிளர்ச்சியை வாளால் அடக்கினார்கள். பல்லாயிரம் பேர் செத்தார்கள். அது நடந்து பத்து வருஷம் ஆகுமுன்னே பன்னிரண்டு வேட்டைத் திரைகள் பொன் இழையோடு சுவருக்கு வந்தன. பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒன்றாவது அந்தப் பன்னிரண்டு திரைகளில் எங்கேயும் தெரியாது.

ஏழைகள் சித்திரத் திரைகளிலேயே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கொம்பு ஊதுகிறார்கள், மிருகத்தைக் கலைத்து விடுகிறார்கள், விருந்துக்குச் சாமான் சுமக்கிறார்கள். மரம் வெட்டுகிறவர்களை மட்டுமே வைத்து நெய்த திரைகளும் உண்டு. பெல்ஜியத்தின் தூர்னே நகர வியாபாரி ஒருவர் 1460களில் அப்படிப்பட்ட திரைகளை பர்கண்டி பிரபுவுக்கு விற்றிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். விறகுக்கு வழியில்லாத மக்கள் வெளியே. மரம் வெட்டுகிற மக்களின் படம் பிரபுவின் வீட்டுச் சுவரில், வடிவுக்காக. பிரபுக்களுக்குக் கிராமத்தைப் பார்க்கப் பிடித்திருந்தது. கிராமம் பேசுவதுதான் பிடிக்கவில்லை.

நெய்தவர்களின் கதையும் கேளுங்கள். பெரும்பாலும் இவற்றைப் பின்பக்கமிருந்துதான் நெய்வார்கள். நெசவாளியின் முகத்துக்கு நேரே இருப்பது நூல் முனைகள் தொங்குகிற முதுகுப் பக்கம். முன்பக்கத்தின் முழு அழகை, முடித்துத் தறியிலிருந்து இறக்கும்போதுதான் அவன் பார்ப்பான். பிறகு அது பிரபுவின் வீட்டுக்குப் போய்விடும். 1528இல் பிரசல்ஸ் நகரம் ஒரு சட்டம் போட்டது. பெரிய திரை ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகரத்தின் அடையாளமும், நெய்வித்தவரின் அடையாளமும் இருக்க வேண்டும். நெய்வித்தவர் என்றால் பட்டறை முதலாளி. விரலால் நூலைக் கோத்தவர்களுக்கு அடையாளம் வைக்க யாரும் சட்டம் போடவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம தேயிலைப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. பெட்டியில் தோட்டத்துப் பெயர் இருக்கும், கம்பனிப் பெயர் இருக்கும், ரகத்தின் பெயர் இருக்கும். எந்த மலையில் யார் கிள்ளிய கொழுந்து என்று எந்தப் பெட்டியும் சொன்னதில்லை. பெட்டியில் படம் போட்டால் மட்டும் அவள்தான் வேண்டும். கூடையோடு, சிரித்த முகத்தோடு.

இனி நம்ம மலைக்கு வருவோம்.

வெள்ளைக்காரர் இங்கே வந்தபோது அந்த வேட்டைப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறினார். இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து, அவற்றை விட்டு மரைகளை விரட்டிப் பிடித்தார். அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் எல்லோரும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்த பேக்கர் இவர்தான்.

அவருக்கு முன்னால் மேஜர் ரொஜர்ஸ். பதுளைப் பக்கம் அதிகாரியாக இருந்தவர். அவர் கையால் செத்த யானைகள் 1,400க்கு மேல் என்று பதிவாகியிருக்கிறது. ஆயிரத்து நானூறு. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தை ஒட்டி இருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் ஒரு காலத்தில் யானைகள் திரிந்தன. இன்றைக்கு அங்கே யானை இல்லை. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. இன்றைக்கும் அதன் சுவர்களில் பாடம் பண்ணிய மிருகத் தலைகளைப் பார்க்கலாம். துணியில் நெய்த வேட்டை அங்கே தலையாகவே தொங்குகிறது.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தந்தது ஒன்றுதான். பசிக்கு வேட்டையாடு, விளையாட்டுக்கு ஓர் உயிரையும் எடுக்காதே. இங்கே எந்த மதத்து வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் விளையாட்டுக்குக் கொன்றவரின் பெயரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது, கல்லறை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. அவர்களின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு, மிருகத்தைக் கலைத்துவிட்டுக் கூடவே நடந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்ம ஊரில் நடந்த ஒரு வேட்டையையும் பேசித்தான் ஆக வேண்டும். 2020 மே மாதக் கடைசியில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், இங்கே நல்லதண்ணி லக்ஸபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அங்கே செத்துப்போனது. நாடு முழுக்கச் செய்தி. அதுவரை நல்லதண்ணி என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட நம்மைத் திட்டினார்கள்.

கம்பி வைப்பது தப்பு. அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்கிறேன். பன்றிக்கென்று வைத்தாலும் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. அந்த மிருகம் நம்ம காட்டின் சொத்து. அது போனது நமக்குத்தான் நட்டம்.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். மலைநாட்டில் கம்பி வைக்கிறவன் பெரும்பாலும் லயத்துக்குப் பின்னால் கையளவு மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறவன். ராத்திரி பன்றி வந்து கிழங்கைக் கிளறிவிட்டுப் போனால் மூன்று மாத உழைப்பு காலையில் இல்லை. 1525இல் அந்த விவசாயிகள் எழுதிய நாலாவது கோரிக்கையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதே பேச்சுத்தான். அவனுக்கு வேலி போட உதவி வேண்டும், பயிர் போனால் ஈடு வேண்டும், கம்பி வைக்காமலே பிழைக்க வழி வேண்டும். அதைப் பற்றிப் பேச அன்றைக்கு அதிகம் பேர் வரவில்லை. இப்போது அதே ஊரின் மதிலில், வேட்டை நாயோடு துரையை வரைந்து "பழைய நினைவுகள்" என்று எழுதப் போகிறோமா? குதிரையில் போய்க் கொன்றால் பாரம்பரியம், மண்வெட்டி பிடித்தவன் கம்பி வைத்தால் மட்டும் குற்றம் என்று நாமே மதிலில் எழுதிவைப்பது போலாகாதா? இரண்டுமே குற்றம் என்று சொல்கிற தைரியம் நமக்கு வேண்டும்.

படத்தில் முகம் இருந்தாலே போதாது என்பதற்கும் நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாவின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். கோல்புறூக் கேமரன் சீர்திருத்தம் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்களே, அந்த கேமரனின் மனைவி. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டார்வின், ஹேர்ஷல், டெனிசன் என்று பெரியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இலங்கையில் எடுத்தவற்றில் சாதாரண சனங்களின் முகங்கள் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன, அந்தக் கண்கள் நம்மையே பார்க்கின்றன. அடியில் பெயர் மட்டும் இல்லை. ஒரு பெண், ஒரு கூட்டம், விவசாயிகள். அவ்வளவுதான். அதில் யாராவது ஒருத்தி இங்கே இருக்கிற ஒரு வீட்டின் பாட்டியின் பாட்டியாக இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதனால்தான் அந்த மாதிரிப் படம் எனக்கு உறுத்துகிறது. துரையை வரைந்ததுகூட இரண்டாவது விஷயம். கூடை சுமக்கிற பெண்களை மலையோடு மலையாக, மரத்தோடு மரமாக, அழகுக்கு வைத்திருக்கிறோம். ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து, 2021இல்தான் அதைக் கையில் வாங்கிய பெண்கள் அவர்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், அரை நூற்றாண்டுக்கு மேல் அலைந்து, 2003இல் வந்த சட்டத்தோடு மிச்சமிருந்தவர்களும் பிரஜையான குடும்பங்கள் அவர்களுடையவை. அவர்களை அவர்களுடைய ஊர் மதிலிலேயே பெயரில்லாத அலங்காரமாக வைக்க வேண்டுமா?

அந்தப் படத்தில் எங்கள் ஆட்களும் இல்லை. துணிப் பொட்டணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கி, சம்பள நாளுக்குத் தவணை சொல்லிக் கடனுக்குக் கொடுத்த முஸ்லிம் வியாபாரிகள் இல்லை. கடைவீதியில் பேக்கரி நடத்துகிற சிங்களக் குடும்பங்கள் இல்லை. நடை பாதையில் ராப்பகலாகக் குப்பை பொறுக்குகிற பிள்ளைகள் இல்லை.

எதிர்த்துப் பேசுகிறவர்களின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்திருக்கிற ஒரு சகோதரர் சொன்னார்: "சேர், மலைக்கு வாறவன் சந்தோஷமா இருக்கத்தான் வாறான். அவன்கிட்ட நம்ம கஷ்டத்தைக் காட்டினா அடுத்த வருஷம் வரமாட்டான்." இது சின்னப் பேச்சு இல்லை. நல்லதண்ணியில் பாதி அடுப்பு சீசன் காசில் எரிகிறது. டிசம்பரிலிருந்து வெசாக் வரைக்கும் உழைத்ததை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டுகிறோம். வருகிறவர்களின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை.

ஆனால் நான் கஷ்டத்தை வரையச் சொல்லவில்லை. நம்ம சந்தோஷத்தை வரையச் சொல்கிறேன். துரைக்கு வேட்டை ஓய்வு என்றால், நமக்கு ஓய்வே இல்லாமலா இருந்தது? மாசி மாதத்தில் காமன் கூத்துக்குத் தப்புச் சத்தம் கேட்டால் லயம் முழுக்க வெளியே வந்து நிற்காதா? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொடியன்மார் மைதானத்தில் பந்தடிக்கிறதைப் பார்க்கப் பாட்டிமார் திண்ணையில் உட்காரவில்லையா? மலையில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டையைத் தட்டிவிட்டபடி பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிச் சிரிக்கிற சிரிப்பு, தேயிலைப் பெட்டியில் போடுகிற சிரிப்பு மாதிரியா இருக்கும்? உழைக்கிறவனின் ஓய்வைப் போல அழகான படம் வேறு ஏது? அதை யாரும் இதுவரை சுவரில் போட்டதில்லை. வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

அதனால் என் யோசனை இது. அந்த வான் ஓர்லியிடமிருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மதிலைப் பன்னிரண்டாகப் பிரிப்போம். மாதத்துக்கு ஒரு படம். நம்ம மாதங்கள்.

ஜனவரியில் சீசன். நடுச்சாமத்தில் மலை உச்சி வரைக்கும் விளக்கு வரிசை. சிவனொளிபாதமலை என்பாரும், ஸ்ரீபாத என்பாரும், பாவா ஆதம் மலை என்பாரும் ஒரே படிக்கட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறுகிறார்கள். மார்ச்சில் வெயில். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றினால் தண்ணிக்கடியில் போன பழைய மஸ்கெலியாவின் இடிபாடுகள் தலை நீட்டும். அந்தப் பழைய டவுனில் பிறந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இங்கேதான் எங்கள் கடை, அங்கேதான் கோயில் என்று கையை நீட்டிக் காட்டுவதை அப்படியே வரையலாம். ஏப்ரலில் சித்திரை வருஷப் பிறப்பு. ஜூனில் தென்மேல் மழை, கறுப்புப் படங்கு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற தாய். தீபாவளி மாதத்தில் புதுச் சட்டையும் அட்வான்ஸ் கணக்கும்.

டிசம்பருக்கு ஒரு படம் கட்டாயம் வேண்டும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகர்களோடு ஒரு விமானம் நோர்ட்டன் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். அந்தக் கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கேட்டதே இல்லை. நம்ம மலைக்கு அந்த நினைவும் சொந்தம்.

துரையையும் விட்டுவிட வேண்டாம். ஒரு மாதத்தில் ஒரு மூலையில் அவரும் இருக்கட்டும், குதிரையோடு. ஆனால் குதிரைக்குப் புல் வெட்டினவன் முன்னால் நிற்கட்டும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். படத்தில் வருகிற ஒவ்வொருவரும் இந்த ஊரின் உண்மையான ஆளாக இருக்க வேண்டும். அவர்களிடம் போய்க் கேட்டு, சம்மதம் வாங்கி, அவர்கள் சொல்கிறபடி பெயரைக் கீழே எழுத வேண்டும். வேண்டாம் என்கிறவர்களை வரையவே வேண்டாம். வரைகிற பிள்ளைகளின் பெயரும் ஓரத்தில் வர வேண்டும். பிரசல்ஸ் நகரம் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செய்யாததை நல்லதண்ணி செய்யலாம். செலவு ஒரு டின் பெயின்ட்தான்.

வாத்தியார் ஏன் இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் வகுப்பறையில் இருக்கிறது. "எங்கள் ஊர்" என்று படம் வரையச் சொன்னால் பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், ஒரு வயல் வரைகிறார்கள். நல்லதண்ணியில் வயல் எங்கே இருக்கிறது? தென்னை எங்கே காய்க்கிறது? புத்தகத்தில் பார்த்த ஊரை வரைகிறார்கள். கூரைத் தகரத்துக்கு மேலே கல் வைத்த லயத்தை வரைகிற பிள்ளை அபூர்வம். வரைந்தாலும் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் கையால் மூடிக்கொள்ளும். தன் வீடு படத்தில் வரத் தகுதியில்லாதது என்று எட்டு வயதிலேயே ஒரு பிள்ளைக்கு யார் சொன்னது? யாரும் வாயால் சொல்லவில்லை. சுவர்கள் சொல்லின, பெட்டிகள் சொல்லின, கலண்டர்கள் சொல்லின. அந்தப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் இந்த மதிலும் இருக்கிறது.

வேட்டைத் திரைகளைப் பற்றிய ஒரு கதை எனக்கு மிகப் பிடிக்கும். ஒற்றைக் கொம்புக் குதிரையை வேட்டையாடுவதுபோல நெய்த ஏழு திரைகள் இப்போது நியூயோர்க்கில் இருக்கின்றன. 1500ஆம் ஆண்டை ஒட்டி நெய்தவை. பிரெஞ்சுப் புரட்சியில் சனங்கள் பிரபுவின் மாளிகைக்குள் புகுந்து அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். பல வருஷம் கழித்து ஒரு களஞ்சியத்தில் கண்டுபிடித்தபோது, உருளைக்கிழங்கு குளிரில் கெட்டுப்போகாமல் மூடி வைக்க அவற்றைப் பாவித்திருந்தார்களாம். கலையின் அருமை தெரியாதவர்கள் என்று சிலர் சொல்வார்கள். கிழங்கின் அருமை தெரிந்த மலைநாட்டுக்காரனான நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தத் திரையில் அவர்கள் இல்லை. தாங்கள் இல்லாத படத்தை அவர்கள் எதற்காகப் பொத்திப் பொத்திப் பாதுகாக்க வேண்டும்?

நம்ம மதிலும் அப்படித்தான். தன் பாட்டியின் பெயர் எழுதிய படத்தில் எந்தப் பொடியனும் வெற்றிலை துப்ப மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம் இருக்கிறது. எனக்கு ஆதரவாகக் கை தூக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வரும்போது வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வாருங்கள்: உங்கள் காலத்தில் வருஷத்தின் எந்த மாதம் ஞாபகம் இருக்கிறது, அந்த மாதத்தில் யார் கூட இருந்தார்கள்? அவர்கள் சொல்கிற மாதத்தையும் பெயர்களையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம். எழுத முடியாதவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். பன்னிரண்டு மாதத்துக்கும் ஆள் சேர்ந்துவிட்டால் வரைவதை நம்ம பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.